எச்சரிக்கை எல்லோரையும் எட்டுகிறதா?

மாரி பிறந்தால் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்வது சவளக்கடைப் பகுதி மக்களுக்குப் புதினமல்ல. வாவிக்கு இந்தப் பக்கம் சவளக்கடையும் அன்னமலையும் சொறிக்கல்முனையும். அந்தப் பக்கம் கல்முனை. இடையில் நீர் ஏறிவிட்டால் சந்தையும் ஆஸ்பத்திரியும் ஒரேயடியாகத் தூரமாகிவிடும். படகில் போக வேண்டும், அல்லது சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். மேற்கே மழை கனத்து, குளங்களின் வான்கதவுகளும் திறக்கப்பட்டால், வட்டை எது, வாய்க்கால் எது, வீதி எது என்று தெரியாமல் போகும். இதையெல்லாம் எமது விவசாயக் குடும்பங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. வானத்தையும் காற்றையும் வாய்க்கால் நீரின் நிறத்தையும் பார்த்தே ஆபத்தை ஊகிக்கும் பெரியவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர்.

ஆனால் இந்த அறிவும், வானொலி அறிவித்தலும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும், கோயில் மணியும் ஊரிலுள்ள ஒவ்வொருவரையும் எட்டுகின்றனவா? காது கேளாத ஒரு தாய், கண் தெரியாத ஒரு முதியவர், படுக்கையை விட்டு எழும்ப முடியாத ஓர் இளைஞர், சொன்னதை உடனே விளங்கிக்கொள்ள முடியாத ஒரு பிள்ளை என்று எமது ஒவ்வொரு கிராமத்திலும் சிலர் இருக்கிறார்கள். வெள்ளம் வருகிறது என்பதை இவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? எப்படிச் சொல்கிறார்கள்? அது இவர்களுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது? இதைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடைசி வயலும் கடைசி வீடும்

கல்லோயாத் திட்டத்து விவசாயிகளுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். குளத்தில் நீர் இருக்கும், கதவும் திறந்திருக்கும், ஆனாலும் வாய்க்காலின் கடைசி வயல் காய்ந்து கிடக்கும். “நீரைத் திறந்துவிட்டோம்” என்று அலுவலகம் சொல்வதும் உண்மை. “எங்களுக்கு நீர் வரவில்லை” என்று கடைசி வயற்காரர் சொல்வதும் உண்மை. 1981 முதல் இடதுகரைப் பகுதியில் விவசாயிகள் வயல்வாய்க்கால் அடிப்படையில் சிறு சிறு குழுக்களாகக் கூடினார்கள். சேர்ந்து வாய்க்காலைத் துப்புரவு செய்தார்கள். முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள். மேலே இருந்தவர்கள் மிச்சம் பிடித்துக் கீழே இருந்தவர்களுக்கு அனுப்பினார்கள். கடைசி வயலுக்கு நீர் போனதா என்பதைத் தமது பொறுப்பாக எடுத்துக்கொண்டதால்தான் இது நடந்தது.

எச்சரிக்கையும் இப்படித்தான். அதற்கு நான்கு படிகள் உண்டு. முதலாவது, ஆபத்தை அறிதல். இரண்டாவது, அறிந்ததை அறிவித்தல். மூன்றாவது, அறிவித்ததை ஆட்கள் விளங்கிக்கொள்ளுதல். நான்காவது, விளங்கிக்கொண்டவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேருதல். முதல் இரண்டு படிகளையும் வானிலை அவதான நிலையமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம், நான்காம் படிகள் எமது வளவுகளிலேயே நடக்க வேண்டியவை. அங்கே இடையில் அறுந்துபோனால், கொழும்பில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அந்த வீட்டுக்கு அதனால் பயனில்லை.

“எங்கட ஊரில அப்படிப்பட்ட ஆக்கள் ரெண்டு மூண்டு பேர்தானே, சுவாமி” என்று கூட்டங்களில் சிலர் எம்மிடம் சொல்வதுண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைப் பராமரித்தல், பேசுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒரு சிரமம் உடையவர்கள். மொத்தம் 16 இலட்சம் பேர். அப்படியானால் 1,000 பேர் வாழும் ஊரில் ஏறத்தாழ 80 பேருக்காவது ஏதோ ஒரு சிரமம் இருக்க இடமுண்டு. பார்வை மங்கிய, காது மந்தமான முதியவர்களும் இக்கணக்கில் அடங்குவர். அவர்களைத் தனியான ஒரு கூட்டமாக நினைக்க வேண்டியதில்லை. எமது வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களே அவர்கள். நாளைக்கு நாமும் அவ்விடத்தில்தான் இருப்போம்.

நடந்தவை தரும் பாடங்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலின் கீழே நிலம் அதிர்ந்தது. எமது கரையை அலை எட்டுவதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் எடுத்தது. அந்த 2 மணி நேரத்திலும் எவரும் எமக்கு எதுவும் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்தில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 10,000க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர்கள். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் அந்தக் காலைப்பொழுதை மறந்த குடும்பம் எது? காது கேட்கும் நாமும் அன்று எதையும் கேளாதவர்களாகவே இருந்தோம். செய்தி எட்டாமை என்றால் என்ன என்பதை எமக்கு வேறு எவரும் விளக்கத் தேவையில்லை.

அதே காலையில் காலி நகரில் சம்போதி என்ற இல்லத்தில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. உடலாலும் உளத்தாலும் குறைபாடுடைய 102 பேர் அங்கு வாழ்ந்தனர். 41 பேரே உயிர் தப்பினர். சிலரால் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. வேறு சிலருக்கு ஆபத்து எவ்வளவு அவசரமானது என்பது விளங்கவில்லை. கால் இருந்தும் விளக்கம் எட்டாமையால் மாண்டவர்கள் உண்டு என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

அன்று புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கி மூலம் ஊருக்கு அறிவித்தார்கள். மக்கள் வெளியேறினார்கள், உயிர் தப்பினார்கள். கடல் நிலவரத்தை நாள்தோறும் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி அது. ஆகவே ஆபத்து நாளில் அதன் சொல்லை ஊர் நம்பியது. எந்த வழி அன்றாடம் பழக்கத்தில் இருக்கிறதோ அந்த வழிதான் ஆபத்திலும் உதவும். அதே வேளையில், ஒலிபெருக்கியை மட்டும் நம்பியிருக்கும் ஊரில் காது கேளாதவர் பக்கத்து வீட்டாரின் தயவில்தான் தப்ப வேண்டியிருக்கும் என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

பின்னர் எமது நாட்டில் மாற்றங்கள் வந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. கரையோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரும் நில அதிர்ச்சி ஏற்பட்டபோது, எச்சரிக்கை வந்தது; கரையோர மக்கள் உள்நோக்கி ஓடினார்கள். நல்ல வேளையாகப் பேரலை வரவில்லை. ஆனால் கோபுரங்களில் பல பின்னாளில் பழுதடைந்தன. பழுதடையாத கோபுரம்கூட ஒலியால் பேசுவதுதான்.

செல்வந்த நாடான யப்பானிலும் இந்தக் குறை இருந்தது. 2011 மார்ச் 11 சுனாமியில், வலது குறைந்தோரின் இறப்பு வீதம் ஏனையோரைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. உதவி தேவைப்படுவோரின் பெயர்ப்பட்டியல் பல நகரசபைகளிடம் இருந்தது. ஆனால் தனிப்பட்ட விபரம் என்ற காரணத்தால் அது உதவிக்குப் போனவர்களின் கைக்கு வரவில்லை. இதன் பின் 2013இல் யப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய பட்டியலை ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் தயாரிக்க வேண்டும் என்றது. 2021இல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியான வெளியேற்றத் திட்டம் வகுக்க முயல வேண்டும் என்றும் சேர்த்தது. பட்டியல் அலுமாரிக்குள் இருந்தால் போதாது, ஆளுக்கு ஆள் திட்டம் வேண்டும் என்பதே அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

எம்மைப் போன்ற ஏழை மக்களைக் கொண்ட வங்காளதேசம் மற்றொரு பாடம் தருகிறது. அங்கு 1972 முதல் சூறாவளித் தொண்டர்கள் கிராமங்களில் பணியாற்றுகின்றனர். அவர்கள் கைஒலிபெருக்கியில் அறிவிப்பதோடு நிற்பதில்லை, கொடியும் ஏற்றுகிறார்கள். ஆபத்து நெருங்க நெருங்க ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகள் கூடும். ஒலி கேளாதவருக்குக் கொடி; கொடி தெரியாதவருக்கு ஒலி. இதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை.

இது தயவா, உரிமையா?

வலது குறைந்தோருக்கு உதவுவதை நாம் வழக்கமாக இரக்கம் என்ற கண்ணோடு பார்க்கிறோம். இரக்கம் நல்லதே. ஆனால் இரக்கம் வரும் நாளில் வரும், வராத நாளில் வராது. எமது நாட்டில் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007இல் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதன் 11ஆம் உறுப்புரை போரிலும் இயற்கை அனர்த்தத்திலும் இவர்களின் பாதுகாப்பை உறுதிசெய்வது அரசின் கடமை என்கிறது. ஆகவே, காது கேளாத ஒருவர் “எனக்கு ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டால், அவர் சலுகை கேட்கவில்லை. தமக்கு உரியதைக் கேட்கிறார்.

2013இல் ஐக்கிய நாடுகளின் அனர்த்தத் தணிப்பு அலுவலகம் 100க்கு மேற்பட்ட நாடுகளில் வலது குறைந்தோரிடமே நேரடியாக விசாரித்தது. அனர்த்தம் வந்தால் சிரமமின்றி உடனே வெளியேற முடியும் என்றவர்கள் ஐவரில் ஒருவரே. தமது ஊரின் அனர்த்தத் திட்டங்களில் பங்குபற்றியதே இல்லை என்றவர்கள் 85 வீதமானோர். இந்த இரண்டாவது எண்ணிக்கை முதலாவதற்கு ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். எவரிடம் கேட்காமல் திட்டம் போடுகிறோமோ, அவருக்கு அத்திட்டம் உதவாது.

மொழியின் உதாரணத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கி 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அப்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு பலமாக எழுந்தது. விளங்காத மொழியில் வரும் அறிவித்தலால் என்ன பயன் என்று நாம் கேட்டோம், கேட்டது நியாயமே. எமக்குத் தமிழ் எப்படியோ, காது கேளாதவருக்குச் சைகை மொழி அப்படி. எமது நியாயத்தை அரசிடம் கேட்கும் நாம், அதே நியாயத்தை எமது அயலவருக்குக் கொடுத்திருக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆளுக்கு ஏற்ற வழி

எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது. கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

காது கேளாதோர்: கூப்பிடுவதால் பயனில்லை. பகலில் முன்னால் வந்து நின்று கையால் காட்டுங்கள். இரவில் தோளைத் தொட்டு அல்லது கட்டிலை அசைத்து எழுப்புங்கள். டோர்ச் வெளிச்சத்தை அவரது கண்ணில் அடிக்காமல் உங்கள் முகத்திலும் கையிலும் பிடியுங்கள். அப்போதுதான் உங்கள் உதட்டசைவும் சைகையும் தெரியும். எழுத்து அறிந்தவருக்குக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி நல்ல உதவி. எழுத்து அறியாதவருக்குப் படம் வேண்டும். சைகை மொழி தெரியும் என்று சொல்லும் எவரையும் முன்னிறுத்தினால் போதும் என்று எண்ண வேண்டாம். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் சூறாவளி வந்தபோது, தகுதியில்லாத ஒருவரை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தினார்கள். அவர் காட்டிய சைகைகளில் சூறாவளிக்குச் சம்பந்தமே இல்லாத சொற்கள் வந்தன. உயிர் காக்கும் செய்தி காது கேளாதவர்களுக்கு உளறலாகப் போய்ச் சேர்ந்தது.

கண் தெரியாதோர்: முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு என்ன நடக்கிறது, எங்கே போகிறோம் என்று சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு பின்னால் வரட்டும். பள்ளம், படி, வரம்பு என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு நடவுங்கள். வெள்ளம் ஏறிய நிலத்தில் வெள்ளைப் பிரம்பு தடம் காட்டாது. அன்றாடம் தனியே நடப்பவருக்கும் அன்று துணை வேண்டும்.

நடக்க முடியாதோர்: இவர்களுக்குச் செய்தி எட்டினாலும் நேரம் போதாமல் போகலாம். ஆகவே மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி சேற்றிலும் நீரிலும் ஓடாது. உறுதியான கதிரை ஒன்றின் இரு பக்கமும் மூங்கில் கட்டினால் இருவர் அல்லது நால்வர் தூக்கலாம். தூக்கும் முன், எங்கே பிடித்தால் நோகாது என்பதை அவரிடமே கேளுங்கள். பாயும் வெள்ளத்தை உழவு இயந்திரத்தில் கடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் கண்டோம். மாணவர்கள் உட்பட 8 பேரை அன்று வெள்ளம் கொண்டுபோனது. வாகனம் தேவைப்படுவோர் வீதியில் நீர் ஏறுமுன் புறப்பட வேண்டும்.

விளங்கிக்கொள்ளச் சிரமப்படுவோர்: நீண்ட விளக்கம் வேண்டாம். “தண்ணி வருது. பள்ளிக்கூடம் போவம்.” இவ்வளவு போதும். அதே சொற்களை, அதே ஆள், அமைதியாகச் சொல்ல வேண்டும். மாரிக்கு முன்னரே பலமுறை சேர்ந்து நடந்து பழகியிருந்தால் அந்த நாளில் பயம் குறையும். சத்தத்துக்கு மிரளும் பிள்ளைகளை ஒலிபெருக்கிக்கு அருகில் வைத்திருக்க வேண்டாம்.

மன நோய்க்கும் வலிப்புக்கும் மருந்து எடுப்போர்: இவர்களுக்கு மருந்து தடைப்படுவதே இரண்டாவது அனர்த்தம். ஒரு வாரத்துக்குரிய மருந்தும் கிளினிக் கொப்பியும் பொலித்தீன் பையில் கட்டித் தயாராக இருக்கட்டும்.

ஊரில் இப்போதே செய்யக்கூடியவை

1. பட்டியல். மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மரணாதார சங்கம், பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் கிராம உத்தியோகத்தரோடு கூடி வீடு வீடாகச் செல்ல வேண்டும். யாருக்கு என்ன சிரமம் என்பதைவிட, அவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும், அவரை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்றே எழுத வேண்டும். சில வீடுகளில் காது கேளாத மகளையோ மனநோயுற்ற மகனையோ மறைத்து வைப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் கலியாணம் தடைப்படும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தைக் குறை சொல்லாமல், இரகசியம் காக்கப்படும் என்று உறுதி கொடுத்து, மறுபடியும் போய்க் கேட்க வேண்டும். பட்டியலில் பெயர் சேர்ப்பது அந்த ஆளின் சம்மதத்துடனேயே நடக்க வேண்டும்.

2. இரு துணைவர்கள். பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் அயலில் இருவர் பொறுப்பாக வேண்டும். “எங்கட பிள்ளய நாங்க பாப்பம்தானே, சுவாமி” என்று பெற்றோர் சொல்வார்கள். தகப்பன் இரவு வயல் காவலுக்குப் போயிருந்தால்? தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்தால்? பல வீடுகளில் பராமரிப்பது வயதான அம்மம்மாதான். ஆகவே வீட்டுக்கு வெளியே இருவர் வேண்டும். ஒருவர் இல்லாதபோது மற்றவர். பெண்களை இரவில் தொட்டெழுப்பவும் தூக்கவும் வேண்டியிருக்கும் என்பதால் அவர்களுக்குப் பெண் துணைவரே இருக்க வேண்டும்.

3. பொது அடையாளம். ஒலி, ஒளி, கொடி மூன்றும் ஒன்றாக வரட்டும். எத்தனை முறை மணி அடித்தால் தயாராவது, எத்தனை முறை அடித்தால் புறப்படுவது, எந்த நிறக் கொடி எங்கே ஏறும் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். எமது பகுதியில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓர் ஊரின் அடையாளம் அடுத்த ஊருக்கு விளங்காமல் இருக்கக்கூடாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் அறிவித்தல் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கும், தேவாலய மணி பக்கத்து முஸ்லிம் கிராமத்துக்கும் ஒரே பொருளில் கேட்க வேண்டும். வெள்ளத்துக்கு எல்லை கிடையாது.

4. பதில் வரும் வரை. துணைவர் சொல்லிவிட்டு ஓடிவிடக்கூடாது. செய்தி விளங்கிவிட்டது என்று அந்த ஆள் தலையசைக்க வேண்டும். துணைவர் அதை ஊர்க் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். பட்டியலில் எல்லாப் பெயருக்கும் எதிரே அடையாளம் விழும் வரை எச்சரிக்கை முடியவில்லை என்று கருதுங்கள்.

5. அட்டை. பேச முடியாதவரும் விளங்கிக்கொள்ளச் சிரமப்படுபவரும் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் யாரென்று சொல்ல வழியில்லை. பெயர், ஊர், தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி இலக்கம், எடுக்கும் மருந்து, “எனக்குக் காது கேளாது, எழுதிக் காட்டுங்கள்” போன்ற ஒரு வசனம் ஆகியவற்றை எழுதி, நீர் படாமல் உறையிட்டுக் கழுத்தில் கட்டிக்கொடுங்கள்.

6. ஒத்திகை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையாவது முழு ஊரும் நடந்து பார்க்க வேண்டும். சுனாமியின் நினைவாக டிசம்பர் 26 தேசிய பாதுகாப்புத் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அஞ்சலியோடு இந்த ஒத்திகையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒத்திகையில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பதிலாக ஓர் இளைஞரை இருத்தி வைத்துத் தூக்க வேண்டாம். அவரே பங்குபற்ற வேண்டும். எங்கே தவறு என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

7. குழுவில் இடம். வங்காளதேசத்தின் கைபந்தா மாவட்டத்தில் வலது குறைந்தோர் தாமே உள்ளூர் அனர்த்தக் குழுக்களில் உறுப்பினராகி, வீடு வீடாக வெள்ள எச்சரிக்கை கொண்டு செல்கின்றனர். எமது குழுக்களிலும் குறைந்தது இருவருக்கு, அவர்களில் ஒருவர் பெண்ணாக, இடம் கொடுப்போம்.

முகாமுக்கு வந்த பின்

இடம்பெயர்வு எமது மக்களுக்கு ஒருமுறை வந்து போனதல்ல. 1990இன் வன்செயல்களில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஊரை விட்டு ஓடினார்கள். 2004இல் அலையால், 2011 சனவரியில் வெள்ளத்தால் மறுபடியும் பள்ளிக்கூடங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் தங்கினார்கள். முகாம் வாழ்வு தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: அங்கே வாழ்வு முழுவதும் அறிவித்தலில்தான் ஓடுகிறது. நிவாரணம் எப்போது, வைத்தியர் எப்போது, பதிவு எங்கே, குடிநீர் வண்டி எங்கே என்று எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லப்படும். காது கேளாதவர் வரிசையைக் கண்ட பிறகே எழும்புவார். அவர் போகும்போது பொருள் முடிந்திருக்கும். அறிவித்தல் பலகையில் ஒட்டினால் கண் தெரியாதவருக்கு அது வெறும் பலகை.

ஆகவே ஒவ்வோர் அறிவித்தலையும் இரு வழியில் சொல்லுங்கள்: வாயாலும், பெரிய எழுத்தில் படத்தோடும். பலகையைச் சக்கர நாற்காலியில் இருப்பவர் பார்க்கக்கூடிய உயரத்தில் வையுங்கள். மலசலகூடத்துக்கும் குடிநீருக்கும் கொட்டிலில் இருந்து கயிறு கட்டிவிட்டால் கண் தெரியாதவர் எவரையும் எழுப்பாமல் போய் வரலாம். துணைவர்களின் பொறுப்பு முகாமிலும் தொடரட்டும். வீட்டுக்குத் திரும்பலாம் என்ற செய்தியும், கிணற்று நீரைக் குடிக்கலாமா என்ற செய்தியும் அவசரச் செய்திகளே.

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவை

எல்லாப் பாரத்தையும் ஊரின் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. இவற்றை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். ஆனால் பேசவும் கேட்கவும் முடியாத ஒருவர் தொலைபேசியில் யாரிடம் என்ன சொல்வார்? பிரித்தானியாவில் 2009 முதல் குறுஞ்செய்தியாலும், 2022 யூன் முதல் காணொளியில் சைகை மொழியாலும் அவசர உதவி கேட்க முடிகிறது. பேசமுடியாதவரும் உதவி கேட்க ஒரு வழி, தொலைக்காட்சி எச்சரிக்கைகளில் தகுதி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர், மூன்று மொழிகளிலும் ஒரே வேளையில் குறுஞ்செய்தி, பழுதடைந்த கோபுரங்களுக்குத் திருத்தமும் அவற்றில் ஒளி விளக்கும், தங்குமிடமாகும் பள்ளிக்கூடங்களில் சாய்தளம் ஆகியவற்றைப் பிரதேச செயலகக் கூட்டங்களில் நாம் தொடர்ந்து கேட்போம். எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதே பிரதியோடு எழும்புங்கள்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு டோர்ச், இரண்டு துண்டுச் சீலை, ஒரு கதிரை, மூங்கில், சில மாலைப்பொழுதுகள் போதும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று எமது முன்னோர் சொன்னார்கள். இந்த மாரிக்கு முன் உங்கள் ஒழுங்கையிலுள்ள கடைசி வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே இருப்பவரிடம், “வெள்ளம் வந்தால் உங்களுக்கு நாங்கள் எப்படிச் சொன்னால் நல்லது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரின் திட்டம் அந்த வரியிலிருந்து தொடங்கட்டும்.